கோடு போட்ட துண்டு

பச்சைச் சால்வை இந்த வாரமும் கிடைக்கவில்லை.

போன வாரம் அதைத் தேடி வீட்டையே நாங்கள் கவிழ்த்துக் கொட்டியதைப் படித்தவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். புதிதாக வருபவர்கள் உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்வது எனக்கு வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் மகன் கப்பலில் இன்ஜினியர். மருமகள் கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து, மூக்குக்கு ஏற்ற ஃப்ரேம் பொருத்திக் கொடுப்பவள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுள் முழுக்க மற்றவர்களைப் பேசவிட்டு ஓய்வு பெற்றவள். இப்போது அந்தப் பாக்கியைப் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மருமகளின் பச்சைச் சால்வை காணாமல் போய்ப் பல மாதம் ஆகிறது. நான்தான் அதைத் தரை துடைக்கும் துணியாக்கிவிட்டேன் என்று வீட்டில் ஒரு சந்தேகம் உலவியது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தரை துடைக்கும்போதெல்லாம் துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆளைக் கைது செய்ய அந்தப் பார்வை போதும்.

சால்வை கிடக்கட்டும். பெரிய விஷயம் வேறு.

என் மகனின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு தவணைக்குச் சரி என்றால் பதவி உயர்வு. வேண்டாம் என்றால் வீட்டுக்கு வரலாம். கப்பல் இன்றைக்கு ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. சாயங்காலம் கிளம்புவதற்குள் அவன் கேப்டனிடம் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு, மதியம் வீடியோவில் கூப்பிட்டு மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்பதாகச் சொல்லியிருந்தான்.

அந்த ஒரு வார்த்தையில்தான் கோளாறு. இவள், "உங்க இஷ்டம்" என்பாள். அவன், "உன் இஷ்டம்" என்பான். இந்த இஷ்டம் இறகுப்பந்து மாதிரி கடலுக்கும் கரைக்குமாகப் பறந்துகொண்டே இருக்கிறது. தரையில் விழவிடுவதில்லை இருவரும். பார்க்கிற எனக்குத்தான் கழுத்து வலி.

இன்று மருமகளுக்கு விடுமுறை நாள். வழக்கமாக அந்தக் காலையில் நான் நடைப்பயிற்சிக்குப் போவேன். பூங்கா பெஞ்ச் வரை நடை, அதற்குமேல் பயிற்சி எல்லாம் வாய்க்குத்தான். இன்று போகவில்லை. மதிய அழைப்பு முடியும்வரை பெஞ்ச் என்னை மன்னிக்கட்டும்.

பால்கனிக்கு வந்தேன். எதிர்க் கட்டடத்தில், என் சிநேகிதி டிரில் டீச்சரின் கொடியில் கோடு போட்ட துண்டு தொங்கியது.

கோடு போட்ட துண்டு என்றால், உடனே வா.

இங்கே எங்கள் கொடி மொழியைச் சொல்லியாக வேண்டும். பகலெல்லாம் ஊரின் காதாக இருந்துவிட்டு வீட்டுக்கு வரும் எனக்கு, அந்த நாளில் டெலிபோனைக் கண்டாலே கை கூசும். எதிர்வீட்டில் குடியிருந்த டிரில் டீச்சருக்கோ மைதானம் முழுக்கக் கத்திவிட்டு வந்து தொண்டை இருக்காது. பேச முடியாத இரண்டு பெண்கள், நடுவில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் துணி காயப் போடும் கொடி. வேறென்ன வேண்டும்?

வெள்ளைத் துண்டு: எல்லாம் நலம். தலையணை உறை: வீட்டில் ஆள் இருக்கிறார்கள், இப்போது வராதே. கால்மிதி: உன்மேல் கோபம், காரணம் உனக்கே தெரியும். இந்தக் கால்மிதி இரு பக்கமும் சேர்ந்தாற்போல் ஒரு மழைக்காலம் முழுக்கத் தொங்கியதுண்டு. காரணம் இருவருக்கும் இன்றுவரை தெரியாது. கோடு போட்ட துண்டுக்கு மட்டும் அவசர அந்தஸ்து. அதைப் பார்த்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும்; உடனே முடியாவிட்டால் பதிலுக்கு அதே துண்டைப் போட வேண்டும், இதோ வருகிறேன் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் போன அன்று கொடியில் எதையும் போட எனக்குக் கை வரவில்லை. வெறும் கொடியைப் பார்த்துவிட்டு டிரில் டீச்சர் வந்துவிட்டாள். அவள் அகராதியில் அதற்கும் அர்த்தம் இருந்திருக்கிறது.

இப்போது நான் தெருவைத் தாண்டி, அவள் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினேன். ஒரே மூச்சில் என்பது கொஞ்சம் கூடுதல். இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்தேன், யாரும் பார்க்கவில்லை.

டிரில் டீச்சர் கதவைத் திறந்து, உள்ளே இழுத்து, தாழ்ப்பாள் போட்டாள். கழுத்தில் விசில் தொங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் அதைக் கழற்றியதில்லை. பால்காரர் முதல் பக்கத்துவீட்டு நாய் வரை விசிலுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

"உன் மகன் கடல்ல இருக்கான். நீ தனிக்கட்டை. அப்புறம் உன் கொடியில வாராவாரம் காயுதே ஒரு ஆம்பளைச் சட்டை, அது யாரோடது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் கொடி என் ராஜ்ஜியம், எனக்குத் தெரியாமல் அதில் ஒரு கைக்குட்டைகூடக் காய முடியாது என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. நீல நிறம், முழுக்கை, ஹேங்கரில் மாட்டி, நான் நடைப்பயிற்சிக்குப் போகும் நேரமாகப் பார்த்துத் தொங்குகிறதாம். நான் திரும்புவதற்குள் மறைந்துவிடுகிறதாம். யாரையாவது ரகசியமாகக் குடிவைத்திருக்கிறேனா என்றும், இந்த வயதில் அப்படி ஒன்று நடந்தால் சிநேகிதியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்ற மரியாதைகூட இல்லையா என்றும் கேட்டாள். குரலில் சந்தேகம் கால் பங்கு, பொறாமை முக்கால் பங்கு.

"அடியே, எனக்கு அப்படி ஒருத்தர் கிடைச்சா சட்டையையா காயப்போடுவேன்? அவரையே காயப்போட்டு உனக்குக் காட்டமாட்டேன்?"

அவள் என்னை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

எங்கள் பால்கனியில் நீலச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கம் வந்த இடைவெளியில் மருமகள் மாட்டியிருக்கிறாள். உள்ளே, அறைக்கதவு ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய மூக்குக்கண்ணாடி. பார்வை மட்டும் சட்டைமேல்.

அந்தச் சட்டை எனக்குத் தெரியும். கிளம்பும் நாளில் பெட்டி கனக்கிறது என்று என் மகன் எடுத்து வெளியே வைத்தது.

டிரில் டீச்சரும் பார்த்தாள். விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வேண்டும், நீ வீட்டுக்குப் போ என்று என்னை விரட்டினாள். அவளுக்கு அழுகை வரும்போதெல்லாம் யாரையாவது விரட்டுவாள். பள்ளிக்கூடத்தில் பழகியது.

நான் திரும்பியபோது மருமகள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். முழுக்கைச் சட்டையை எங்கே மறைப்பது? இரண்டு பக்கமும் கை தொங்கியது.

கேட்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். என் வாய் என் நினைப்பை மதிப்பதில்லை.

அழுக்கில்லாத சட்டையை எதற்கு வாராவாரம் நனைக்கிறாள் என்று கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை. முதலில், மடித்தே வைத்தால் துணி வீணாகிவிடும் என்றாள். பிறகு, பூச்சி அரிக்கும் என்றாள். நான் பூச்சியை நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்குத் தூரத்துப் பார்வை கம்மி இல்லையா அத்தை," என்றாள். "கண்ணாடி போட்டுப் பார்த்தா சட்டை. கழட்டிட்டுப் பார்த்தா அவர். பால்கனியில நின்னு தெருவைப் பார்க்கிற மாதிரி இருக்கும்."

ஊருக்கெல்லாம் தெளிவாகத் தெரியக் கண்ணாடி போட்டு அனுப்புகிறவள். தனக்கு மட்டும் தெளிவாகத் தெரியாத ஒரு அரைமணி நேரத்தை வாராவாரம் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

 

பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் கொடி மொழி முழுவதையும் சொன்னேன். இத்தனை காலம் மூன்றாவது ஆளுக்குச் சொல்லாத ரகசியம். அவள் கால்மிதிக்குச் சிரித்தாள். வெறும் கொடிக்குச் சிரிக்கவில்லை. கோடு போட்ட துண்டுக்கு வந்தபோது இன்னொன்றும் சொன்னேன். என் மகன் சின்னவனாக இருந்தபோது, எதிர்க் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்த மைதானத்தில்தான் விளையாடுவான். பொழுது சாய்ந்ததும் நான் கோடு போட்ட துண்டைப் போடுவேன். டிரில் டீச்சர் ஏதோ ஆபத்து என்று இந்தப் படியில் ஓடி வருவாள், இவன் முழங்கால் மண்ணோடும் இடுப்பில் இடுக்கிய பந்தோடும் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருவான். ஒரு துண்டுக்கு இரண்டு பேர். என்னைப் போலச் சிக்கனமாகக் கூப்பிட்டவள் உலகத்திலேயே கிடையாது.

"ஒரு நாளும் அவர் வராம இருந்ததில்லையா?"

"விளையாட்டு பாதியில நின்னாலும் வந்துடுவான். கேப்டனே அவன்தான், அவன் வந்துட்டா ஆட்டமே நின்னுடும். ஆனாலும் வருவான்."

அவள் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடிப்பு சரியாக இருந்தும் பிரித்து மறுபடி மடித்தாள்.

இப்போது நான் என் வேலையை ஆரம்பித்தேன். மதியம் அவன் கூப்பிடும்போது இவள் வாயைத் திறக்க வேண்டும், வா என்று சொல்ல வேண்டும், இவளுக்கு வெட்கமாக இருந்தால் நான் சொல்கிறேன், எனக்கு அந்த நோய் கிடையாது என்றேன்.

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயே திறக்கக் கூடாது என்றாள். இந்தப் பதவிக்காக அவன் எவ்வளவு நாள் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும்தானே என்றாள். இவள் கூப்பிட்டு அவன் வந்துவிட்டால், அப்புறம் ஒவ்வொரு நாளும் அவன் முகத்தில் கடல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும் என்றாள்.

"வான்னு சொல்றது சுலபம் அத்தை. வந்தவர் ஜன்னலோரமா நின்னா, எதை நினைச்சு நிக்கிறார்னு கேக்க எனக்குத் தைரியம் வேணும்."

பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த நிமிடத்திலிருந்து எனக்குத் தாடை வலித்தது.

மதியம் வந்தது. வந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அது முட்டி போட்டுத் தவழ்ந்து வந்தது. மருமகள் தலையைச் சீவினாள், கலைத்துவிட்டு மறுபடி சீவினாள். ரொட்டி அப்படியே தட்டில் இருந்தது. நான் குளிக்கப் போய்விட்டுத் திரும்பியபோது அவள் பீரோவைச் சாத்திக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே கெட்டுப் போயிருக்கும்.

போன் அடித்தது.

என் மகனின் முகம் வெயிலில் கறுத்து, தாடி வைத்துக்கொண்டு, யாரோ கப்பல்காரன் மாதிரி இருந்தது. கப்பல்காரன்தான், ஆனாலும் எனக்கு ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடுகிறது. நான் பேச வேண்டியதைப் பேசினேன்: சாப்பிட்டாயா, தூங்கினாயா, அந்தத் தாடிக்கு என்ன அவசியம். பிறகு வாக்கு நினைவுக்கு வந்து போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு, காது மட்டும் கேட்கிற தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். காது விஷயத்தில் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

மூச்சுச் சத்தத்தில் பாதி பேச்சு போனது. எக்ஸ்சேஞ்சில் இப்படிப்பட்ட தம்பதிகளை நிறையக் கேட்டிருக்கிறேன். வானிலை பேசுவார்கள், பூனை பேசுவார்கள், தொடர்பு முடியப்போகும் கடைசி நொடியில்தான் பேச வந்ததைப் பேசுவார்கள்.

"அப்ப என்ன சொல்லட்டும்? உன் இஷ்டம்தான்," என்றான் என் மகன்.

இறகுப்பந்து வந்துவிட்டது. நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மருமகள் அதைத் திருப்பி அடிக்கவில்லை. உள்ளே சிக்னல் சரியாக இல்லை என்று முணுமுணுத்துவிட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து பால்கனிக்குப் போனாள். கொடிக்கு முன்னால் போய் நின்றாள்.

அவள் தலைக்குப் பின்னால் கோடு போட்ட துண்டு தொங்கியது.

நனைக்கக்கூட இல்லை. பீரோவில் இருந்த மடிப்புக் கலையாமல், மொடமொடவென்று, பெட்டி பெட்டியாக மடிப்புக் கோடு தெரிய அதை எடுத்துப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கிளிப் குத்தியிருந்தாள். உலகத்தில் எவளும் காய்ந்த துண்டைக் காயப் போட்டதில்லை.

என் மகன் பேச்சை நிறுத்திவிட்டான்.

அவன் என்ன பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அவன் கண் நின்றிருக்கும். 

அந்த நேரத்தில்தான் மாடிப்படியில் யானை ஏறும் சத்தம் கேட்டது.

கொடி மொழிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது யாருக்காகப் போட்டது என்று துணியில் எழுதியிருக்காது.

கதவு படாரென்று திறந்தது. டிரில் டீச்சர் நின்றாள். தலையின் ஒரு பாதி கன்னங்கரேல், மறு பாதி வெள்ளை வெளேர். நெற்றியில் சாயம் ஒழுகியது. தோளில் பழைய பெட்ஷீட், காலில் ஒரு செருப்பு, வாயில் விசில். அவள் ஊதிக்கொண்டே பால்கனிக்குப் பாய்ந்து, மருமகளைத் தலை முதல் கால் வரை தடவி, எலும்பு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு என் பக்கம் திரும்பி விசிலைத் துப்பினாள்.

"யாருக்கு என்ன ஆச்சு? எவ கூப்பிட்டா என்னை?"

நான் இல்லை என்று கையைத் தூக்கினேன். வாக்குக் கொடுத்த வாய் அல்லவா, கையால்தான் பேச முடியும்.

போனில் என் மகன் பேயைப் பார்த்தவன் மாதிரி, "டீச்சரா அது?" என்றான்.

மருமகள் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. கழற்றியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான் கூப்பிட்டேன்," என்றாள்.

டிரில் டீச்சருக்குச் சொன்ன பதில்தான். ஆனால் அவள் டிரில் டீச்சரைப் பார்க்கவில்லை. கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  

"உடனே வரணும்னுதான் போட்டேன். அந்தத் துண்டுக்கு வேற அர்த்தம் கிடையாதாம்."

டிரில் டீச்சரின் பாதி மூளைக்குத்தான் சாயம் எட்டியிருந்தது போலும், மறு பாதி உடனே புரிந்துகொண்டது. அவள் பெட்ஷீட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

என் மகன் வாயைத் திறந்தான்.

படம் உறைந்தது.

துறைமுகத்து சிக்னலுக்கு இரக்கமே கிடையாது. அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது. கண் பாதி மூடி, கீழுதடு மேல்பல்லில் பட்டும் படாமலும். ஒரு சொல்லின் முதல் எழுத்து உதட்டில் ஏறிவிட்டது, மிச்சம் கடலில் விழுந்துவிட்டது. பிறகு திரை இருண்டது. மறுபடி கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் குரல் சொன்னது. என் பழைய இனம்தான், ஆனாலும் அவளைத் திட்டினேன்.

"வாயைப் பார்த்தியா? அது 'வ'டீ," என்றாள் டிரில் டீச்சர். "வர்றேன்னு சொல்ல வந்தான்."

அது 'வ'தான். அறுந்துபோன சொற்களைக் காதால் ஒட்டவைத்தே சம்பளம் வாங்கியவள் நான், எனக்கும் தெரிந்தது. ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. மருமகள்தான் அதைச் சொன்னாள்.

"வேண்டாம்னாலும் 'வ'தான் டீச்சர்."

 

டிரில் டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. போ என்று நாங்களும் சொல்லவில்லை. பாதித் தலையோடு அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து மருமகளுக்கே பொறுக்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் சாயக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்தாள். பின்னால் நின்று மயிரைப் பிரித்துப் பிரித்து மிச்சத் தலைக்குப் பூசினாள். ஃப்ரேம் பொருத்துகிற கை, ஒரு சொட்டு காதில் படவில்லை.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். இரண்டு பேரும் இஷ்டத்தை ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டியது போதும், யாராவது ஒருத்தர் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இன்றைக்கு நீ வைத்துக்கொண்டாய், நல்லது என்றாள். தன் மகள் மாப்பிள்ளையோடு சண்டை போட்டுவிட்டு இந்த வாரம் முழுக்கத் தன்னிடம் சரியாகப் பேசவில்லை என்றாள். முழங்கால் இனி மாடிப்படிக்கு ஒத்துழைக்காது என்றாள். இன்று ஏறியது முழங்கால் இல்லை, துண்டு என்றாள்.

மருமகள், "வலிக்குதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வலிக்குது. அதுக்காக இனிமே துண்டு போடாம இருந்துடாதே. உனக்கும் அந்தக் கொடியில இடம் உண்டு."

அவள் பிரஷ்ஷைப் பிடித்திருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு இன்னும் மெதுவாகப் பூச ஆரம்பித்தது.

சாயங்காலம் ஆகிவிட்டது. கப்பல் கிளம்பும் நேரம் வந்து, நின்று, கடந்தும் போனது. போன் மேஜையில் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காமல் இருக்க வேறு எதையெல்லாமோ பார்த்தோம்.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது அது ஒரு முறை சிணுங்கியது.

அழைப்பு இல்லை. ஒரு படம். கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

மருமகள் எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் இருவரும் அவள் இரண்டு தோளுக்கும் மேலாக எட்டிப் பார்த்தோம்.

கப்பல் அறை. வட்ட ஜன்னலின் கொக்கியிலிருந்து அலமாரிக் கைப்பிடி வரை ஒரு கயிறு கட்டியிருந்தது. அந்தக் கொடியில், கிளிப் குத்தி, தன்னந்தனியாகத் தொங்கியது பச்சைச் சால்வை.

என்மேல் இருந்த தரைத்துணி வழக்கு அந்த நொடியே தள்ளுபடி ஆனது. இந்த நேரத்தில் அதைக் கேட்கலாமா என்று தயங்கினேன். தயங்கிக்கொண்டே கேட்டும் விட்டேன், நான்தான் எடுத்தேன் என்று நினைத்தாய் அல்லவா என்று. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் அத்தை, நினைச்சேன் என்றாள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

"சும்மா துவைச்சுப் போட்டிருப்பானோ?" என்றாள் டிரில் டீச்சர்.

மருமகள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கிக்கொண்டே போனாள். சால்வையின் குறுக்கே மடிப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பெட்டி பெட்டியாக.

"இது நனைக்காத துணி டீச்சர்."

அப்படியானால் அது சேதிதான். ஆனால் என்ன சேதி? எங்கள் அகராதியில் பச்சைச் சால்வை கிடையாது. நலமா, கோபமா, வராதே என்பதா? பதிலுக்கு அதே துணியைப் போட்டால் வருகிறேன் என்று அர்த்தம். ஆனால் அவனிடம் கோடு போட்ட துண்டு ஏது? இருந்ததைப் போட்டானா, அல்லது இது வேறு ஏதோவா?

நாங்கள் இரண்டு கிழவிகளும் சட்டசபை மாதிரி விவாதித்தோம். மருமகள் கலந்துகொள்ளவில்லை. இத்தனை மாதம் தன் சால்வை எந்தக் கடல்களை எல்லாம் பார்த்திருக்கும் என்று மட்டும் கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அந்தப் பச்சையைத் தொட்டாள். தொட்டதும் படம் நகர்ந்தது.

நகர்ந்ததில் கீழ்மூலை தெரிந்தது. கழுகுக்கண் டிரில் டீச்சருக்குத்தான் முதலில் பட்டது. கட்டில்மேல் அவன் பெட்டி திறந்து கிடந்தது. துணிகள் பாதி உள்ளே, பாதி வெளியே.

"கட்டுறானா, பிரிக்கிறானா?" என்றாள், மெதுவாக.



தூறல் விழ ஆரம்பித்தது. தெருவில் பால்கனிக்குப் பால்கனி கதவு திறந்தது. பெண்கள் ஓடி வந்து கொடியில் இருந்ததை எல்லாம் வாரிக்கொண்டு உள்ளே போனார்கள். பழக்க தோஷத்தில் நானும் எழுந்துவிட்டேன்.

"துண்டை எடுத்துடவா?"

"இருக்கட்டும் அத்தை," என்றாள் மருமகள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். டிரில் டீச்சர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். தெரு முழுக்கக் கொடிகள் வெறுமையாக, எங்கள் கொடியில் மட்டும் அந்தக் கோடு போட்ட துண்டு தொங்கியது. மடிப்பு ஒவ்வொன்றாக மழையில் கலைந்தது.